செவிசாய்த்த எஃகு

1968 ஆகஸ்டில் லண்டனில் திறந்த ஒரு கண்காட்சியில், குறிப்பிட்ட ஒரு சிற்பத்தின் முன்னால் நின்றவர்கள் அங்கிருந்து நகரவே இல்லை. சிலர் முனகினார்கள், சிலர் தொண்டைக்குள் ஏதோ ராகத்தை இழுத்தார்கள், சிலர் அடிக்குரலில் அதனிடம் பேசிப் பார்த்தார்கள். உரத்த சத்தத்தை அது சட்டை செய்யவில்லை. அடங்கிய குரலில், விடாமல், ஒரே சீராக ஓசை எழுப்பினால் மட்டும் மெல்லத் தலையைத் திருப்பி அந்த ஓசைக்காரரைப் பார்த்தது. பார்ப்பதற்கு அதற்குக் கண் கிடையாது. அலுமினியத்தில் வார்த்த முள்ளெலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு முதுகுத்தண்டு, அதன் உச்சியில் மலர்போல விரிந்த ஃபைபர் கிளாஸ் பிரதிபலிப்பான், அதற்கு முன்னால் நான்கு மைக்ரோஃபோன்கள். அவ்வளவுதான். ஓசை எந்த மைக்ரோஃபோனை முதலில் எட்டியது என்பதை மின்சுற்று ஒப்பிட்டுப் பார்க்கும். முள்ளெலும்புகளுக்குள் மறைந்திருந்த எண்ணெய் அழுத்த பிஸ்டன்கள் தண்டை அந்தப் பக்கம் வளைக்கும். தங்கள் பக்கம் அதைத் திரும்ப வைப்பதற்குச் சரியான குரலளவைத் தேடி மணிக்கணக்கில் நின்றவர்கள் உண்டு.

அந்தச் சிற்பத்தின் பெயர் சாம். செய்தவர் எட்வர்ட் இஹ்னாட்டோவிச். கலை வரலாற்று நூல்களில் அவருக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். ரோபோ வரலாற்று நூல்களில் ஓர் அடிக்குறிப்பு. இரண்டு துறைகளும் அவரை அடுத்த வீட்டு ஆளாகவே நினைத்துக் கைவிட்டன. இருபதாம் நூற்றாண்டுச் சிற்பக் கலையில் உண்மையிலேயே புதிதாக ஒன்றைக் கண்டவர்களை விரல் விட்டு எண்ணச் சொன்னால், நான் அவரை விடமாட்டேன்.

அவர் 1926இல் போலந்தின் ஹெல்ம் நகரில் பிறந்தார். போர் மூண்டபோது பதின்மூன்று வயது. அகதியாக ருமேனியா, பிறகு அல்ஜீரியா என்று அலைந்து 1943இல் பிரிட்டன் வந்து சேர்ந்தார். 1945 முதல் 1949 வரை ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் ஓவியப் பள்ளியில் படித்தார். உருவம் வரைதல், களிமண், மனித உடலின் அளவுகள் என்று மரபான கலைக் கல்வி. அதன் பிறகு கலையை விட்டுவிட்டு மரச்சாமான், வீட்டு உள்ளலங்காரம் சார்ந்த தொழிலில் இறங்கினார். தொழில் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 1962இல், முப்பத்தாறாவது வயதில், வீட்டையும் தொழிலையும் விட்டுவிட்டு ஒரு கார் கொட்டகைக்குக் குடிபோனார். மறுபடி சிற்பம் செய்வதற்காக.

கொட்டகையில் கிடைத்த பொருள் பழைய கார்களின் பாகங்கள். அவற்றைக் கழற்றி, பற்றவைத்து உருவங்கள் செய்ய ஆரம்பித்தவருக்கு, கழற்றிய பாகங்களின் வடிவத்தைவிட அவை செய்த வேலை பிடித்துப்போனது. எண்ணெய் அழுத்தம், பிஸ்டன், ஒரு சிறு அசைவைக் கட்டளையாக ஏற்றுப் பெரிய அசைவாக மாற்றி, போன இடம் சரிதானா என்று தானே சரிபார்த்துக்கொள்ளும் சர்வோ. ரஸ்கின் பள்ளியில் யாரும் இதைச் சொல்லித் தந்திருக்க முடியாது. ஒரு பொருளை அசைய வைப்பது பழைய விஷயம். அசைவின் ஒவ்வொரு கணத்தையும், எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகம், எங்கே தயங்குவது என்பதையெல்லாம், களிமண்ணை வனைவதுபோல் வனைய முடியும் என்பது அவருக்கு அங்கே கிடைத்த புதையல்.

அவருக்கு முன்னால் சிற்பத்தை அசைய வைத்தவர்கள் இருக்கிறார்கள். 1920 வாக்கிலேயே நவும் காபோ ஒரு கம்பியை மோட்டாரால் அதிரவைத்து, அந்த அதிர்வு காற்றில் வரையும் வளைவையே சிற்பம் என்று காட்டினார். அலெக்ஸாண்டர் கால்டரின் தொங்கு சிற்பங்களைக் காற்று நகர்த்தியது. ழான் டிங்குலி 1960இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், தன்னைத்தானே நொறுக்கிக்கொள்ளும் ஓர் இயந்திரத்தை ஓடவிட்டார். இவற்றில் காற்றும் மோட்டாரும் தம் போக்கில் ஆட்டின. எதிரே யார் நிற்கிறார்கள் என்பது அந்தச் சிற்பங்களுக்குப் பொருட்டில்லை.

எதிரே நிற்பவரைக் கணக்கில் எடுத்த முதல் பெரிய முயற்சி நிக்கோலா ஷோஃபருடையது. ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த சிற்பி. 1956இல் அவர் செய்த சிஸ்ப் 1 என்ற சிற்பத்துக்கு ஒளி உணரும் கண்களும் மைக்ரோஃபோனும் இருந்தன. அதன் மின்னணு மூளையை ஃபிலிப்ஸ் நிறுவனப் பொறியாளர்கள் செய்து கொடுத்தார்கள். சக்கரங்களில் உருண்டு, தகடுகளைச் சுழற்றி, மார்செய் நகரில் லெ கார்புசியே கட்டிய குடியிருப்பின் மொட்டைமாடியில் மோரிஸ் பெஜாரின் நடனக்காரர்களோடு சேர்ந்து அது ஆடியது. அழகான நிகழ்வாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் அது மேடைக்கான அசைவு. நிறத்துக்கும் ஓசைக்கும் ஏற்ப வேகம் மாறியதே தவிர, ஒரு குறிப்பிட்ட ஆளிடம் அது திரும்பவில்லை. சாம் திரும்பியது. இரண்டு சிற்பங்களுக்கும் இடையிலான தூரம் அந்தத் திரும்பலில் இருக்கிறது.

சாம் நின்ற கண்காட்சியும் சாதாரணமானதல்ல. 'சைபர்நெட்டிக் செரண்டிப்பிட்டி' என்று அதற்குப் பெயர். நார்பர்ட் வீனர் 1948இல் சைபர்நெட்டிக்ஸ் என்ற துறைக்குப் பெயர் வைத்து நூல் எழுதி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. விலங்கும் இயந்திரமும் தம் செயலின் விளைவை அறிந்து அடுத்த செயலைத் திருத்திக்கொள்வது எப்படி என்பதே அந்தத் துறையின் கேள்வி. லண்டன் சமகாலக் கலை நிறுவனத்தில் பணியாற்றிய ஜாஷா ரைக்கார்ட், ஜெர்மானியத் தத்துவவாதி மாக்ஸ் பென்சேயின் யோசனையை 1965இல் பெற்று, கணினி எழுதிய கவிதை, கணினி வரைந்த கோடு, கணினி அமைத்த இசை, பதில் சொல்லும் இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். கார்டன் பாஸ்க் செய்த தொங்கும் உருவங்கள் ஒன்றுக்கொன்று ஒளியால் அழைத்துப் பேசிக்கொண்டதும் அங்கேதான். ரைக்கார்டும் போலந்தில் பிறந்தவர். குழந்தையாக வார்சா கெட்டோவைக் கடந்து பிழைத்தவர். போர் துரத்திய இருவர் லண்டனில் ஒரே கூடத்தில் இப்படிச் சந்தித்தார்கள். இதில் பெரிய அர்த்தத்தை ஏற்ற எனக்கு விருப்பமில்லை. ஆனாலும், ஓசை வரும் திசையைக் கவனித்து அதன் பக்கம் போவதா, ஒதுங்குவதா என்று தீர்மானிக்கும் ஓர் உயிர்போன்ற ஒன்றைக் கற்பனை செய்தவர் பதின்மூன்று வயதில் நாடு விட்டு நாடு ஓடியவர் என்பதை என்னால் முழுக்க மறந்துவிட்டும் எழுத முடியவில்லை.

சாமுக்குப் பிறகு, வடிவமைப்பாளர் ஜேம்ஸ் கார்டனர் வழியாக இஹ்னாட்டோவிச்சுக்கு அடுத்த வாய்ப்பு வந்தது. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் ஃபிலிப்ஸ் நிறுவனம் தன் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்காக 1966இல் எவோலுவான் என்ற அறிவியல் அரங்கைக் கட்டியிருந்தது. தூண்கள்மேல் வந்து இறங்கிய பறக்கும் தட்டுபோன்ற கட்டடம். கான்கிரீட் கூரையின் விட்டம் 77 மீட்டர். உள்ளே காட்சிகளை அமைத்தவர் கார்டனர். அந்த அரங்குக்காக இஹ்னாட்டோவிச் செய்ததுதான் சென்ஸ்டர். 1970இல் அது பொதுமக்கள் முன் நின்றது. கணினி ஒன்றால் இயக்கப்பட்டு, சுற்றுப்புறத்தை உணர்ந்து, அதற்கேற்ப நடந்துகொண்ட முதல் பெருஞ்சிற்பம் என்று அதைச் சொல்வார்கள்.

பதினைந்து அடிக்கு மேல் நீளம், எட்டடி உயரம். பற்றவைத்த எஃகுக் குழாய்களாலான எலும்புக்கூடு. மூன்று கால்கள் ஊன்றி நிற்க, முன்னால் நீண்ட கழுத்து; கழுத்தின் முனையில் தலை. தோல் இல்லை, வண்ணம் இல்லை, முகம் இல்லை. குழாய்களுக்கு நடுவே எண்ணெய் செல்லும் இணைப்புகளும் கம்பிகளும் அப்படியே வெளியே தெரிந்தன.

கழுத்தின் மூட்டுகளை எப்படி அமைப்பது என்ற கேள்விக்கு அவர் சிங்கி இறாலிடம் விடை தேடினார். நம் தோள்மூட்டு பந்தும் கிண்ணமுமாக எல்லாப் பக்கமும் சுழல்வது. அதை எஃகில் செய்து பிஸ்டனால் இயக்குவது பெரும்பாடு. இறாலின் கொடுக்கில் அந்தச் சிக்கல் கிடையாது. அதன் ஒவ்வொரு மூட்டும் கதவுக் கீல்போல ஒரே அச்சில் மட்டும் மடங்கும். ஆனால் அடுத்தடுத்த கீல்கள் வெவ்வேறு திசையில் அமைந்திருப்பதால், எல்லாம் சேர்ந்து கொடுக்கை வேண்டிய பக்கமெல்லாம் கொண்டு போகின்றன. இஹ்னாட்டோவிச் ஆறு கீல்களை அப்படி அடுக்கினார். உருவத்துக்காக இறாலைப் பார்த்தவரல்ல அவர். சென்ஸ்டரைப் பார்த்து இறால் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒட்டகச்சிவிங்கி என்றார்கள், டைனோசர் என்றார்கள். உயிரினத்தின் தோற்றத்தை நகலெடுக்கும் சிற்ப மரபிலிருந்து அவர் எவ்வளவு தூரம் விலகி வந்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இறாலிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு பொறியியல் தீர்வு.

ஆனால் சென்ஸ்டரின் கலை மூட்டில் இல்லை. மூட்டு அசையும் விதத்தில் இருக்கிறது. இதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கணினியிடம் ஓடிவிடுகிறார்கள்.

இயந்திரக் கை ஒன்றை நகர்த்த எளிய வழி, 'போ' என்று ஆணையிட்டு, சேர்ந்ததும் 'நில்' என்று சொல்வது. அப்படி ஆணை பெற்ற கை முழு வேகத்தில் கிளம்பும், முழு வேகத்தில் போகும், அதிர்ந்து நிற்கும். உயிருள்ள கை அப்படிப் போவதில்லை. எதிரே இருக்கும் தம்ளரை எடுக்க நீங்கள் கையை நீட்டும்போது, ஏறக்குறைய பாதித் தூரம் வரை வேகம் கூடிக்கொண்டே போகிறது. மீதிப் பாதியில் குறைந்துகொண்டே வந்து, தம்ளரின் அருகில் ஓய்ந்துவிடுகிறது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் தத்தம் பங்கைச் சேர்ந்தே தொடங்கிச் சேர்ந்தே முடிக்கின்றன. எடையுள்ள எந்த உடலுக்கும் குறைந்த செலவில் நகர்வதற்கு இதுவே வழி. இயற்கை இதை அழகுக்காகச் செய்யவில்லை. ஆனால் அந்தச் சிக்கனத்தைத்தான் நம் கண் அழகு என்று படிக்கிறது. உயிர் என்றும் படிக்கிறது.

சென்ஸ்டருக்காக இதற்கென்றே தனி மின்சுற்று அமைக்கப்பட்டது. கழுத்து போய்ச் சேர வேண்டிய இடத்தைக் கணினி சொல்லும். அங்கே போகும் வழியில் ஒவ்வொரு மூட்டும் எப்படி வேகமெடுத்து எப்படி வேகம் தணிய வேண்டும் என்பதை அந்தச் சுற்று வகுக்கும். ஆறு மூட்டுகளும் ஒரே வேளையில் புறப்பட்டு ஒரே வேளையில் சேர்ந்தன. எஃகுக் குழாய்களின் எடை அத்தனையும் ஒரு நீண்ட மூச்சுபோல ஏறி இறங்கியது. நிழற்படங்களில் சென்ஸ்டர் ஏதோ கட்டுமான இடத்தில் விட்டுப்போன சாரம்போலத் தெரியும். எஞ்சியிருக்கும் பழைய திரைப்படத் துணுக்குகளில் அது நகரத் தொடங்கியதும் சாரம் மறைந்துவிடுகிறது. பார்க்கிறவர் தன்னையறியாமல் 'அது' என்பதை விட்டுவிட்டு வேறொரு சுட்டுப்பெயரைத் தேடுகிறார்.

இனிக் கணினிக்கு வரலாம். ஃபிலிப்ஸ் பி9201 என்று பெயர். 16 பிட் அளவுள்ள சொற்கள் எட்டாயிரம் மட்டுமே அதன் நினைவகத்தில் இடம்பிடிக்கும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிட நூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். நிரல் துளையிட்ட காகித நாடாவில் ஏறியது. டெலிடைப் இயந்திரம் வழியாகத்தான் அதனோடு பேச முடியும். தலையில் நான்கு மைக்ரோஃபோன்கள் ஓசையின் திசையைச் சொல்லின. இரண்டு டாப்ளர் ராடார்கள் எதிரே யாராவது அசைகிறார்களா என்று சொல்லின. சாலையில் வண்டிகளின் வேகத்தை அளக்கும் கருவியின் அதே தத்துவம்.

இவற்றை வைத்துக்கொண்டு நிரல் செய்தது மிகக் கொஞ்சம். மெல்லிய ஓசை கேட்டால் அந்தப் பக்கம் போ. மெல்ல அசைகிறவர்கள் இருந்தால் அவர்களிடம் போ. சத்தம் பெரிதானால் விலகு. யாராவது திடீரென்று கையைக் காலை வீசினால் விலகு. இதில் ஒரு நுட்பம் உண்டு: ஓசை எழுந்ததும் தலையில் இருந்த மைக்ரோஃபோன் தொகுதி மட்டும் முதலில் விருட்டென்று அந்தப் பக்கம் திரும்பும். ஓசை தொடர்ந்தால், கழுத்து படிப்படியாகப் பின்தொடரும். தொழுவத்தில் படுத்திருக்கும் பசு, வாசலில் அரவம் கேட்டால் முதலில் காதை மட்டும் திருப்பும். தெரிந்த ஆள்தான் என்றால் பிறகு தலையைக் கொண்டுவரும். கவனம் முதலில், உடல் பிறகு. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் அந்தச் சிறு தாமதத்தில்தான் எதிரே நிற்பவருக்கு 'இது என்னைக் கவனித்துவிட்டது, வரலாமா என்று யோசிக்கிறது' என்று தோன்றுகிறது. யோசனை எதுவும் நடக்கவில்லை. தாமதம் மட்டும் நடந்தது.

எவோலுவானுக்கு வந்த கூட்டம் சென்ஸ்டரை ஒரு விலங்கைப்போலவே நடத்தியது. குழந்தைகள் அதைக் கூப்பிட்டார்கள், கையசைத்தார்கள், சில சமயம் எதையாவது எடுத்து அதன்மேல் எறிந்தார்கள். கூட்டம் கூடி இரைச்சல் மிகுந்தால் சென்ஸ்டர் தலையைத் தூக்கிக்கொண்டு யாருக்கும் எட்டாமல் ஒதுங்கிவிடும். அமைதி திரும்பினால் மறுபடி குனிந்து வரும். அதனால் அதைக் காண வந்தவர்கள் தம்மைத்தாமே அடக்கிக்கொள்ளக் கற்றார்கள். கிட்டத்தில் வரவழைக்க வேண்டுமென்றால் குரல் தாழ வேண்டும், அசைவு நிதானமாக வேண்டும். தன் முன்னால் நிற்பவரிடம் மென்மையைக் கேட்ட ஒரு சிற்பம்! சாமும் இதைத்தான் கேட்டது. மக்களை மிரட்டி, பிரமிக்க வைத்து, தன் காலடியில் நிறுத்திய எத்தனையோ பேருருவச் சிற்பங்களுக்கு நடுவில் இந்த ஒன்று, பதினைந்து அடி எஃகாக இருந்துகொண்டு, கூச்சப்பட்டது. இதை நான் தற்செயலான விளைவாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தத்துக்கு அஞ்சும் குணத்தைத் தேர்ந்தவர் ஒரு சிற்பி; நெருங்கும் குணத்தை மட்டும் கொடுத்திருந்தால் போதும் என்று ஒரு விளம்பரத்துறை நினைத்திருக்கும்.

இந்த வரவேற்பு இஹ்னாட்டோவிச்சை மகிழ்வித்ததைப் போலவே சங்கடப்படுத்தவும் செய்தது. மக்கள் சென்ஸ்டரிடம் கண்ட சிக்கலான நடத்தைக்குத் தன் நிரல் காரணமல்ல என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெரிய கூடத்தில் ஒலி சிதறி எதிரொலித்தது. கூட்டமோ எதிர்பாராத வகையில் எல்லாம் நடந்துகொண்டது. இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த எளிய நிரலுக்குத் தகுதிக்கு மீறிய நுட்பத்தைக் கொடுத்தன என்று அவரே எழுதினார். ஹெர்பர்ட் சைமன் 1969இல் வந்த நூலில் கடற்கரையில் ஊரும் எறும்பைப் பற்றிப் பேசுகிறார்: எறும்பின் பாதை நெளிந்து நெளிந்து போவது கரையின் மேடுபள்ளங்களால், எறும்பு எளியது. அடுத்த ஆண்டே ஐந்தோவனில் அது எஃகில் நிரூபணமானது. சென்ஸ்டரின் பாதி மூளை அதன் முன்னால் நின்ற கூட்டத்தின் தலைகளில் இருந்தது.

இதே காலத்தில், 1966இல், எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற நிரலை எழுதினார். நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தையே சற்றுத் திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் நிரல். அதை எழுதியவரின் செயலாளரே அதனோடு 'பேச' உட்கார்ந்துவிட்டு அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார் என்று வைசன்பாம் பின்னால் வருத்தத்தோடு எழுதினார். இருவரும் ஒரே உண்மையை எதிர்கொண்டார்கள்: மனிதர்கள் மிகக் குறைந்த குறிப்பைக் கொண்டு எதிரில் ஒரு மனத்தைக் கட்டிவிடுகிறார்கள். வைசன்பாம் அதற்குப் பிறகு துறையையே கேள்வி கேட்பவராக மாறினார். இஹ்னாட்டோவிச் வேறு பக்கம் போனார். அந்த மனத்தைக் கட்டவைக்கும் குறிப்பு எது, அது உண்மையில் எதைக் குறிக்கிறது என்று ஆராயப் போனார்.

எனக்கு இந்த இரண்டு இயந்திரங்களுக்கும் இடையே ஒழுக்கம் சார்ந்த ஒரு வேறுபாடும் தெரிகிறது. எலைசா சொற்களுக்குப் பின்னால் நின்றது. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வழியில்லை. சென்ஸ்டர் எதையும் மூடி வைக்கவில்லை. பிஸ்டன் தெரிந்தது, குழாய் தெரிந்தது, எது எதை இழுக்கிறது என்று பத்து வயதுக் குழந்தை விரல் நீட்டிக் காட்ட முடிந்தது. அப்படியும் அந்தக் குழந்தை அதைக் கூப்பிட்டது. ஏமாற்றாமல் ஒரு மயக்கத்தை உண்டாக்க முடியும் என்று காட்டியது அந்தச் சிற்பம். ஒரு ரோமத்தோலைப் போர்த்தி இரண்டு கண்ணாடிக் கண்களை வைத்திருந்தால் ஃபிலிப்ஸின் விளம்பரத்துக்கு உதவியிருக்கும். சிற்பம் அங்கேயே செத்திருக்கும். இன்று முகமும் குரலும் புன்னகையும் வைத்து விற்கப்படும் இயந்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வெற்று எஃகின் நேர்மையை நினைத்துக்கொள்கிறேன்.

சென்ஸ்டரைக் கட்டும்போதே லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் இயந்திரப் பொறியியல் துறையோடு அவருக்குத் தொடர்பு உண்டானது. 1971 முதல் 1986 வரை அங்கேயே ஆய்வு உதவியாளராக இருந்தார். ஒரு சிற்பிக்கு அது வினோதமான பதவி. 1973இல் எடின்பரோவில் கணினிக் கலைச் சங்கம் நடத்திய கண்காட்சியில் பாண்டிட் என்ற படைப்பை வைத்தார். சூதாட்டப் பொறியில் இருப்பதுபோன்ற ஒரு கைப்பிடி. பின்னால் ஒரு கணினி. பிடித்து இழுத்தால் அதுவும் இழுக்கும், தள்ளினால் எதிர்க்கும், சில சமயம் விட்டுக்கொடுக்கும். இழுத்தவர் எவ்வளவு விசையோடு, எந்த வேகத்தில் பதில் சொன்னார் என்பதை வைத்து அவர் ஆணா பெண்ணா, எப்படிப்பட்ட சுபாவம் என்று கணினி கணித்துச் சொல்லும். வேடிக்கைபோலத் தெரியும் இந்தப் படைப்பில் அவர் ஓசையிலிருந்து தொடுகைக்கு வந்துவிட்டார். தொலைவிலிருந்து கேட்பதைவிட, ஒருவர் கையைப் பிடித்துத் தள்ளி இழுத்துப் பார்ப்பதில் அதிகம் தெரிகிறது. இதற்குப் பின் அவர் பெரிய சிற்பம் எதையும் பொதுவெளியில் வைக்கவில்லை.

இதற்கிடையில் 1974இல் சென்ஸ்டரைப் பிரித்துவிட்டார்கள். பராமரிப்புக்கு ஆன செலவு அதிகம், நிறுவனத்துக்குக் கிடைத்த விளம்பரம் போதவில்லை என்பவை காரணங்கள். நான்கு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. எஃகுச் சட்டகம் நெதர்லாந்தின் ஸீலாந்து மாகாணத்தில், கொலைன்ஸ்ப்ளாட் என்ற ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த வளாகத்தில் திறந்தவெளியில் பல பத்தாண்டுகள் நின்றது. மழைக்கும் கடற்காற்றுக்கும் நடுவில், கணினியும் மின்னணுவும் இல்லாமல். இஹ்னாட்டோவிச் 1988இல் இறந்தபோது அது அங்கேதான் இருந்தது.

வெண்கலச் சிலையைத் திறந்தவெளியில் வைத்தால் பாசி படியும், நிறம் மாறும். ஆனாலும் அது அதே சிலை. கொலைன்ஸ்ப்ளாட்டில் நின்றது எது? வழியே போகிறவர் அதை ஒரு நவீன சிற்பம் என்று நினைத்துப் பாராட்டிவிட்டும் போயிருக்கலாம்; கோணங்களும் குழாய்களுமாக அதற்கு ஒரு தோற்ற அழகு உண்டு. ஆனால் அதைச் செய்தவர் தோற்றத்தை ஒரு பொருட்டாக எண்ணியவரல்ல. மக்களைப் பாதித்தது சென்ஸ்டரின் நடத்தைதான், அதன் தோற்றத்தில் எதுவுமில்லை என்று கண்டதையே தன் வாழ்க்கையின் திருப்பமாக அவர் கருதினார். அப்படிப் பார்த்தால் சிற்பம் அங்கே இல்லை. எட்டாயிரம் சொற்களுக்குள் அடங்கிய ஒரு நிரலும், வேகத்தை வகுத்த ஒரு மின்சுற்றும், ஒரு கூட்டமும் சேர்ந்த இடத்தில் அது சில ஆண்டுகள் நிகழ்ந்தது.

2017இல் போலந்தின் கிராகோவ் நகரில் உள்ள ஏ.ஜி.ஹெச் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அந்தச் சட்டகத்தை வாங்கிக் கொண்டுபோனது. பொறியாளர்களும் கலை ஆய்வாளர்களும் சேர்ந்து பழுதுபார்த்து, புதிய கட்டுப்பாட்டு அமைப்பைப் பொருத்தி, 2018இல் மறுபடி அசையவைத்தார்கள். அகதியாகப் போனவரின் படைப்பு அவர் பிறந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது என்று இதைச் சுபமாக முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் மனம் வேறு கேள்வியில் சிக்கிக்கொள்கிறது. எஃகு அதே எஃகு. அதை இயக்குவது வேறு கணினி. சுற்றி நிற்பதும் வேறு மனிதர்கள். 1970இல் வந்தவர்களில் பலர் வாழ்நாளில் கணினியை நேரில் பார்த்திராதவர்கள். தன் பக்கம் ஓர் இயந்திரம் திரும்பும் என்பதே அவர்களுக்கு முதல் அனுபவம். இன்று கதவு திறக்கிறது, குழாய் தண்ணீர் ஊற்றுகிறது, கைப்பேசி முகத்தைக் கண்டு விழிக்கிறது. திரும்புவது என்பது இயந்திரங்களின் சாதாரணப் புத்தியாகிவிட்டது. அந்தக் கூட்டத்தை யாரும் பழுதுபார்த்து மீட்க முடியாது. ஆனாலும் கிராகோவில் அவர்கள் செய்தது சரியென்றே நினைக்கிறேன். நாடகப் பிரதியை வைத்துக்கொண்டு மறுபடி மேடையேற்றுவதைப் போன்ற வேலை அது. பழைய நடிகர்கள் இல்லை என்பதற்காகப் பிரதியைப் பரணில் போட முடியாது. ஒரு சிற்பத்தை இப்படி மேடையேற்ற வேண்டியிருக்கிறது என்பதே, சிற்பம் என்ற கலைக்குள் அவர் எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தார் என்பதைக் காட்டிவிடுகிறது.

கடைசி ஆண்டுகளில் அவரை ஆட்கொண்ட சிந்தனை, இந்த எல்லாப் படைப்புகளையும்விட முக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது. 1970களின் செயற்கை நுண்ணறிவு ஆய்வு பெரும்பாலும் குறியீடுகளை நம்பியது. உலகத்தை வாக்கியங்களாக, விதிகளாக எழுதிக் கணினிக்குள் போட்டுவிட்டால் அறிவு அங்கே விளையும் என்று நினைத்தார்கள். கலிஃபோர்னியாவில் செய்த ஷேக்கி என்ற ரோபோ அறையைக் கேமராவால் பார்த்து, நீண்ட நேரம் கணக்குப் போட்டு, பிறகு ஓரடி நகர்ந்தது. பார்ப்பது ஒரு வேலை, நினைப்பது இன்னொரு வேலை, நகர்வது கடைசி வேலை. இஹ்னாட்டோவிச்சின் பாதை இதற்கு நேரெதிரானது. அசைவு இல்லாமல் பார்வையே கிடையாது என்றார் அவர். கண் நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் காண்கிறது. கை தடவுவதால்தான் சொரசொரப்பு தெரிகிறது. தூக்கிப் பார்க்காமல் கனம் என்ற ஒன்றே இல்லை. உலகத்தைத் தொட்டுத் தள்ளிப் பார்க்க உடல் இல்லாத ஒன்றுக்கு, எவ்வளவு விதிகளை ஊட்டினாலும், பொருள்களைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது என்பது அவர் நிலைப்பாடு. 1986இல் வெளியிட்ட சிறு பிரசுரம் ஒன்றில் தன் கலைவாழ்வை விவரித்து இந்தச் சிந்தனையைப் பதிவு செய்தார்.

அதே 1986இல் எம்.ஐ.டி.யில் ராட்னி புரூக்ஸ், மையத்தில் பெரிய உலகப்படம் எதையும் வைக்காமல், உணர்வதையும் நகர்வதையும் நேரடியாகப் பிணைக்கும் ரோபோக்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதற்குப் பின் உடல்சார் அறிவு என்பது பெரிய ஆய்வுத்துறையாக வளர்ந்தது. மாநாடுகள், ஆய்விதழ்கள், நிறுவனங்கள் எல்லாம் வந்தன. அந்தத் துறையின் முன்னோடிகள் பட்டியலில் ஒரு சிற்பியின் பெயரைச் சேர்க்கப் பொறியாளர்களுக்குத் தயக்கம் இருப்பது புரிகிறது. ஆனால் அவர் அந்த முடிவுக்கு வந்த வழி பொறியாளருடையதல்ல என்பதால்தான் அது மதிப்பு மிக்கது. நிர்வாண உருவம் வரையக் கற்றுக்கொண்ட கை, பழைய கார்களைக் கழற்றிய கை, ஓசைக்குத் திரும்பும் ஓர் அலுமினியக் கழுத்தைப் பார்த்து ஜனங்கள் ஏன் முனகுகிறார்கள் என்று பல ஆண்டுகள் யோசித்த ஒரு மனம். அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம் ஒரு பொருட்காட்சிக் கூடம். சோதனைக்கு வந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். கண்டதை அவர் படைப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம், பெயரும் கிடைத்திருக்கும். அதைக் கேள்வியாக மாற்றி, அந்தக் கேள்விக்காகச் சிற்பம் செய்வதையே நிறுத்திவிட்டு, பதினைந்து ஆண்டுகள் ஒரு பொறியியல் துறையில் சம்பள ஊழியராக உட்கார்ந்தார்.